திருகோணமலையில் அத்திவாரம் வெட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

கொந்தராத்துக்கார ஐயாமாருக்கும், மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டும் தம்பிமாருக்கும், மேசன்மாருக்கும், கிணறு வெட்டுவோருக்கும், இவர்களிடம் வேலை ஒப்படைக்கும் உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 1950 இல் திருகோணமலை நகரசபை குடிதண்ணீருக்காக ஒரு கிணறு வெட்டுவித்தது. கோணேசர் கோயிலிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு யார் தூரத்தில் அந்த இடம். தண்ணீர் வருமுன்னே சோமாஸ்கந்தர் வந்தார். சந்திரசேகரரும் அம்பாளும் பிள்ளையாரும் வந்தார்கள். சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகள். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடிக்க வந்தபோது பக்தர்கள் மண்ணுக்குள் ஒளித்துவைத்த தெய்வங்கள் இவை என்று ஊர் நம்புகிறது. முந்நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாதவற்றை வெளியே கொண்டுவந்தது ஆராய்ச்சியாளரின் அகழ்வு அல்ல. கிணற்று வேலை.

இந்த மாவட்டத்தில் மண்ணை முதலில் திறப்பவர்கள் நீங்கள்தான். தொல்லியலாளர் வந்தால் உங்களுக்குப் பின்னால் வருவார்; பெரும்பாலும் வருவதே இல்லை. ஆகவேதான் இந்த மடலைத் தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் பாடசாலையில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். உங்களிற் பலர் என்னிடமோ என்னைப் போன்ற இன்னொரு ரீச்சரிடமோ படித்திருப்பீர்கள். கேட்பது ஒன்றே ஒன்று. பழைய பொருள் ஏதும் தென்பட்டால், அதைக் கையில் எடுக்குமுன் அது கிடந்த இடத்தைப் பதிந்துவையுங்கள்.

பொருளைப் பத்திரப்படுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இதைத் தொல்லியல் என்ற துறையே நூறு வருடம் பிழைவிட்டுத்தான் கற்றுக்கொண்டது.

ஹைன்ரிச் ஷ்லீமன் என்ற ஜெர்மன் வணிகர், பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய திரோய் நகரைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். 1870 இல் துருக்கியில் ஹிசார்லிக் என்ற மேட்டில் ஆட்களை இறக்கினார். திரோய் ஆக அடியில்தான் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். மேட்டை ஊடறுத்துப் பெரிய அகழியாக வெட்டிக்கொண்டு இறங்கினார். இடையில் வந்த சுவர்களைத் தடை என்று இடித்துத் தள்ளினார். 1873 இல் பொன் நகைகள் கிடைத்தன. அந்தப் பாட்டில் வரும் திரோய் அரசன் பிரியமின் புதையல் என்று உலகுக்கு அறிவித்தார். பின்னர் அந்த மேட்டின் மண்படைகளை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தபோது, நகை கிடந்த படை திரோய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முந்தியது என்று தெரிந்தது. அவர் தேடிப் போன காலத்துச் சுவர்களில் ஒரு பகுதியை அவருடைய ஆட்களே மேலிருந்து வெட்டிக் கொட்டியிருந்தார்கள். ஷ்லீமனுக்குப் பின்னால் டோர்ப்ஃபெல்ட் என்ற கட்டடக் கலைஞர் வந்து எஞ்சியதைப் படைபடையாக எழுதிவைத்தார். எங்கள் காடுகளில் இரவோடிரவாகப் பூசை போட்டுப் புதையல் தோண்டுகிறவர்களுக்குப் பின்னால் வந்து எழுத யாரும் இல்லை. குழி மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கூட்டத்தில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்த மடலை அவர்களுக்கும் காட்டுங்கள்.

புதையல் ஆசையே இல்லாத, நேர்மையாக வேலை செய்த மனிதர்களாலும் பெரிய நாசம் நடந்திருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஹரப்பாவின் கதையைக் கொந்தராத்துக்காரர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். 1850களில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில்பாதை போட்டவர்களுக்குத் தண்டவாளத்தின் கீழ் நிரப்பக் கல் தேவைப்பட்டது. பக்கத்து மேட்டில் நல்ல சூளைச் செங்கல் மலைபோலக் கிடந்தது. அள்ளினார்கள். ஏறத்தாழ நூறு மைல் பாதைக்கு அந்தச் செங்கல் போதுமாக இருந்தது என்று இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் எழுதியிருக்கிறார். அது நாலாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட நகரம் ஒன்றின் செங்கல். கன்னிங்ஹாம் அங்கே கிடைத்த முத்திரை ஒன்றின் படத்தை 1875 இல் வெளியிட்டார். வெளியிட்ட அவருக்கே அதன் வயது விளங்கவில்லை. 1921 இல் தயாராம் சஹானி ஹரப்பாவிலும், அடுத்து ராக்கால்தாஸ் பானர்ஜி மொகெஞ்சதாரோவிலும் தோண்டி, 1924 செப்டெம்பரில் அந்தத் துறையின் அன்றைய தலைவர் ஜோன் மார்ஷல் உலகத்துக்கு அறிவித்த பிறகுதான் சிந்துவெளி நாகரிகம் என்ற ஒன்று இருந்ததே தெரியவந்தது. அதற்குள் ஹரப்பாவின் சுவர்களிற் பல ரயிலுக்குக் கீழே போய்விட்டன. அந்தக் கொந்தராத்துக்காரர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு ஆள் இருக்கவில்லை.

தூரத்து உதாரணம் வேண்டாம் என்றால் எங்கள் கோட்டை வாசலுக்குப் போங்கள். உள்ளே நுழையும் இடத்தில் கல்லில் இணைக்கயல் பொறித்திருக்கிறது; பாண்டியரின் சின்னம். பக்கத்தில், கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்தான் என்று மரபு சொல்லும் குளக்கோட்டன் மன்னனின் பெயர் சொல்லும் தமிழ் எழுத்து. இடித்த கோயிலின் கற்களைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினார்கள் என்பது எங்களூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். கல் இருக்கிறது, எழுத்து இருக்கிறது. ஆனால் அந்தக் கல் கோயிலின் எந்த வாசலில், எந்தச் சுவரில், எதற்குப் பக்கத்தில் நின்றது? அடுக்கிய மேசனுக்கு அது தேவைப்படவில்லை. மூன்று கோயில்கள் நின்ற ஒரு மலையின் அமைப்பை நாங்கள் இன்று ஊகித்துக்கொண்டிருக்கிறோம். 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் இறங்கிச் செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். மேலிருந்து விழுந்தவை அவை என்று தெரிகிறதே தவிர, மேலே எங்கே நின்றன என்பதைத் தூண் சொல்லாது. பொருள் தப்பிப் பிழைத்தும் இடம் தொலைந்துபோனால் வரலாற்றில் பாதி போய்விடுகிறது.

இடத்தின் அருமையை முதலில் நன்றாக உணர்ந்தவர்களில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி ஒருவர். 1880 இல் எகிப்துக்குப் போனவர். மற்றவர்கள் சிலையையும் பொன்னையும் தேடியபோது அவர் ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கினார். பானையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறும். எந்த வடிவம் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்தால் எழுத்தே இல்லாத இடத்துக்கும் முன்பின் வரிசை சொல்லலாம். 1890 இல் பாலஸ்தீனத்தில் தெல் எல்-ஹெசி என்ற மேட்டில் அதைச் செய்து காட்டினார்.

இது எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு பயன்பட்டது என்று பாருங்கள். 1945 இல் தொல்லியலாளர் மோர்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் அங்கே கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதே மண்படையில், உட்புற அடியில் வட்டவட்டமாகச் சிறு கொத்து வரிகள் போட்ட சாம்பல்நிறத் தட்டுகளும் கிடந்தன. இரண்டும் ஒன்றாகக் கிடந்ததால் தட்டுக்கும் காலம் கிடைத்தது. அதே வகைத் தட்டு யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் அனுராதபுரத்திலும் கிடைக்கிறது. அரிக்கமேட்டில் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிக் கொட்டியிருந்தால் இந்தச் சங்கிலி அறுந்திருக்கும். விலைமதிப்பில்லாத ஒரு சில்லு, கிடந்த இடத்தால் ஒரு நாட்டுக்கே நாட்காட்டி ஆனது.

ஆகவே சில்லை உதைத்துத் தள்ளாதீர்கள். கறுப்பும் சிவப்பும் கலந்த மட்கலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: உட்புறமும் விளிம்பும் கன்னங்கரேல், வெளியே கீழ்ப்பாதி செம்மண் நிறம். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகாமல் கறுத்தது என்று ஆய்வாளர் விளக்குவார்கள். உடைந்த ஓரத்தைப் பார்த்தால் ஒரே ஓட்டுக்குள் கறுப்பு சிவப்பாக மாறும் கோடும் தெரியும். தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரிலும் எங்கள் நாட்டுப் பொம்பரிப்பிலும் இறந்தவரைப் புதைத்த தாழிகளோடு வந்த மட்கலம் இந்த வகைதான். இங்கே உங்கள் மண்வெட்டியில் ஒன்று பட்டால், அது இன்றைய சட்டித் துண்டு அல்ல.

நிலாவெளிப் பக்கம் வீடொன்றுக்கு அத்திவாரம் வெட்டியபோது வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெக்கோ வெட்டிய சுவர் வாளால் அறுத்ததுபோல் நேராக நின்றது. மேலே வெள்ளை மணல். அதற்குக் கீழே முழங்கால் ஆழத்தில் சாம்பல் பட்டை ஒன்று, விரற்கிடை தடிப்பில், சுவர் நீளத்துக்கும் ஓடியது. சாம்பலுக்குள் சிப்பியும் கரியும். அதன் கீழே செங்கல் துண்டு கலந்த இறுகிய மண். யாரோ அங்கே அடுப்பெரித்து, கடலில் பொறுக்கியதைச் சமைத்து வாழ்ந்திருக்கிறார்கள். நான் போனபோது ஓட்டாஞ்சில்லுகள் முழுவதும் டிப்பரில் ஏறி வேறொரு வளவின் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டன. யார்மீதும் எனக்குக் கோபம் இல்லை. கவனிக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்தச் சில்லுகளை வேறு வளவில் நாளைக்கு ஒருவர் எடுத்தால், அங்கேயும் பழைய குடியிருப்பு இருந்தது என்று எழுதிவிடுவார். ஒரு டிப்பர் லோடு இரண்டு இடத்து வரலாற்றைப் பொய்யாக்கிவிடும்.

படித்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1907 ஜனவரியில் எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் எட்வர்ட் அயர்டன் ஒரு கல்லறையைத் திறந்தார். பொன்தகடு போர்த்திய மரப்பலகைகள், சவப்பெட்டி, உள்ளே ஓர் உடல். காற்றுப் பட்டதும் பொன் உதிர்ந்தது. எது எங்கே கிடந்தது என்பதைப் போதிய அளவு வரையாமல் விட்டார்கள். செலவுக்குப் பணம் கொடுத்த தியோடர் டேவிஸ், அது தீயே அரசியின் கல்லறை என்று 1910 இல் நூல் போட்டார். எலும்பைப் பார்த்த மருத்துவர் அது ஆணுடையது என்றார். அந்த உடல் யாருடையது என்ற வாதம் நூறு வருடம் தாண்டியும் ஓயவில்லை. இதே அயர்டன்தான் 1912 இல் இலங்கைத் தொல்லியல் திணைக்களத்துக்குத் தலைவராக வந்து, 1914 இல் திஸ்ஸமஹாராமக் குளத்தில் மூழ்கி இறந்தவர். அவர் முன்னே இருந்த எச். சி. பி. பெல் 1890 இலிருந்து அனுராதபுரத்தையும் பொலநறுவையையும் சிகிரியாவையும் காட்டிலிருந்து மீட்டெடுத்தார். பொலநறுவைச் சிவன் கோயில்களில் நடராசரையும் நாயன்மாரையும் வெண்கலமாகக் கண்டெடுத்ததும் அவர் காலத்தில்தான்.

இந்தப் பெயர்களோடு சேர்த்துச் சொல்லவேண்டிய வேறு பெயர்களும் உண்டு. எகிப்திய அரசன் துத்தன்காமனின் கல்லறையை 1922 இல் கண்ட ஹவார்ட் கார்ட்டர், தன் மேற்பார்வையாளர்களான அகமட் கெரிகர், காட் ஹசன், ஹுசைன் அபு அவாட், ஹுசைன் அகமட் சயித் ஆகிய நால்வருக்கும் தன் நூலில் பெயர் சொல்லி நன்றி எழுதினார். பெட்ரியின் கண்ணுக்கு நிகரான கண் என்று பேரெடுத்தவர் அலி சுஃபி என்ற எகிப்தியத் தொழிலாளி. இன்றைய ஈராக்கின் மோசூல் நகரத்தில் பிறந்த ஹோர்முஸ்த் ரசாம், 1853 இல் அதன் பக்கத்திலுள்ள பழைய நினிவேயில் அசூர்பனிபால் மன்னனின் சிங்கவேட்டைச் சிற்பங்களைக் கண்டார். அவர் அங்கே எடுத்த களிமண் பலகைகளில் ஒன்றில்தான் பெருவெள்ளக் கதை இருப்பதை ஜோர்ஜ் ஸ்மித் 1872 இல் படித்துச் சொன்னார். சொந்த மண்ணில் பிறந்தவரின் கண் எதைக் காணும் என்பதற்கு ரசாமே போதும். பெட்ரி இன்னொன்றும் செய்தார். கண்டெடுத்த சிறு பொருளுக்குச் சந்தையில் வியாபாரி என்ன கொடுப்பானோ அதைத் தொழிலாளியின் கையில் அவரே கொடுத்தார். பொருள் மறையவில்லை. இதை உள்ளூராட்சி உறுப்பினர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கீழே இதற்குத் திரும்ப வருவேன்.

இனி நீங்கள் மனதுக்குள் கேட்கும் கேள்வி. "ரீச்சர், சொன்னால் காணி போயிடுமே?"

அந்தப் பயம் காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2020 இல் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் இடங்களுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தபோது, முதலில் நியமித்தவர்களில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. இரு இனமும் சேர்ந்து பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அப்படி ஒரு குழு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சுற்றி, கோயில் இடமா விகாரை இடமா என்று எழுந்த தகராறும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தோண்டுகிறவர் வந்தாலே வேலி வருகிறது என்று மக்கள் நினைப்பதற்கு அதிகாரத்தில் இருந்தவர்களும் பொறுப்பு.

ஆனாலும் மறைப்பது எங்களைக் காப்பாற்றாது. பதியாமல் போன பொருளைப்பற்றி எவரும் எதையும் சொல்லலாம். மறுக்க எங்களிடம் கையில் ஒன்றும் இருக்காது. பதிந்த பொருள் அப்படி அல்ல. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரையைப் பாருங்கள். அங்கே கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. விகாரையின் பெயரை ராஜராஜப் பெரும்பள்ளி என்று சொல்கின்றன. விளக்கெரிக்கத் தமிழர் கொடுத்த கொடையைச் சொல்கின்றன. புத்த பள்ளிக்குத் தமிழில் கொடை எழுதியவர்கள் இந்த மாவட்டத்தில் வாழ்ந்தார்கள் என்பதை இனி எந்தப் பக்கத்தாராலும் அழிக்க முடியாது. நிலாவெளிக் கல்வெட்டு, கோணமாமலையில் இருந்த மச்சகேஸ்வரத்துக்கு நிலம் கொடுத்ததைப் பேசுகிறது. இவற்றைப் படித்து அச்சிட்ட கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் போன்ற பேராசிரியர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கல்லை உடைத்துப் படிக்கட்டாக்காமல் விட்ட ஊரவருக்கும் அதே அளவு கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருள் தொல்பொருள். கண்டால் அறிவிக்க வேண்டும். மறைப்பதும் விற்பதும் அனுமதி இல்லாமல் தேடித் தோண்டுவதும் குற்றம்.

சரி, செய்யவேண்டியது என்ன? பெக்கோவை நிறுத்துங்கள். கைபேசியை எடுங்கள். பொருளை அசைக்குமுன் ஒரு படம், பக்கத்தில் பேனையோ தீப்பெட்டியோ வைத்து, அளவு தெரியவேண்டும். தள்ளி நின்று குழி முழுவதும் விழ இன்னொரு படம். வெட்டிய சுவரையும் நேரே நின்று எடுங்கள், ஏனென்றால் சுவர் நாளைக்கு கொங்கிரீட்டுக்குள் போய்விடும். அளவு நாடா உங்களிடம் எப்போதும் இருக்கிறது. தரை மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். பக்கத்து மின்கம்பத்தின் இலக்கத்தையும் எழுதினால் பத்து வருடம் கழித்தும் இடத்தைப் பிடிக்கலாம். ஒரே ஆழத்துச் சில்லுகளை ஒரே சொப்பிங் பையில் போட்டு, துண்டுச் சீட்டில் திகதியும் ஆழமும் எழுதி உள்ளே வையுங்கள். வேறு ஆழத்தில் வந்ததை அதோடு கலக்காதீர்கள். கழுவ வேண்டாம். வெண்கலம் வந்தால் சாமி என்று பக்தியோடு புளி போட்டுத் துலக்காதீர்கள்; அந்தப் பச்சைக் களிம்பு அதற்குப் பாதுகாப்பு, அதில்தான் ஆய்வாளருக்கு வேலை இருக்கிறது. லண்டன் நூதனசாலையில் 1930களில் கிரேக்கச் சிற்பங்களை வெள்ளையாக்குகிறோம் என்று சுரண்டிவிட்டு இன்றுவரை பேச்சு வாங்குகிறார்கள். மனித எலும்பு என்றால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்தில் எலும்பு எல்லாம் பழைய காலத்தது அல்ல, தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

பிறகு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவித்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். படங்களின் ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலையின் வரலாற்று ஆசிரியரிடம் கொடுங்கள். பொருள் கொழும்புக்குப் போனாலும் பதிவு ஊரில் இருக்கும்.

உள்ளூராட்சி உறுப்பினர்களே, மேலே சொன்ன எல்லாம் உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. பெக்கோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. அரைநாள் நின்றால் கொந்தராத்துக்காரருக்கு நட்டம், கூலிக்காரருக்குச் சம்பளம் இல்லை. நட்டப்படுகிறவரிடம் வரலாற்றுப் பற்றை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. வீதி, வடிகால், தண்ணீர்க் குழாய் என்று மாவட்டத்தில் கூடுதலாக மண் வெட்டுவிக்கிறவர்கள் நீங்கள். உங்கள் ஒப்பந்தப் பத்திரங்களில் ஒரு வாசகம் சேருங்கள்: தொல்பொருள் தென்பட்டு வேலை நின்றால் அந்த நேரத்துக்கான கூலியையும் வாடகையையும் சபை கொடுக்கும், முடிவுத் திகதி அதற்கேற்ப நீளும். இன்னொரு வாசகம்: முதலில் கண்டவரின் பெயர் சபையின் பதிவேட்டில் எழுதப்படும். அந்தப் பதிவேட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் வைத்து, கேட்கும் எவருக்கும் காட்டுங்கள். தனியார் வீடுகளுக்குக் கொடுக்கும் கட்டட அனுமதியோடு, படம் எடுக்கும் முறையைச் சொல்லும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தை இணைத்து விடுங்கள். எழுதித்தர நானும் என் சக ஆசிரியர்களும் தயார். அச்சுச் செலவு மட்டும் சபையுடையது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். எந்தக் கட்சி உறுப்பினர் கொண்டுவந்தாலும் அன்றைக்குப் பார்வையாளர் வாங்கிலில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருகோணமலை